எபெட்ஸ் ஃபீல்டு: ஒரு பேஸ்பால் அரங்கும் அது நின்ற நிலமும்

1957 செப்டம்பர் 24 அன்று இரவு நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில், எபெட்ஸ் ஃபீல்டு என்னும் பேஸ்பால் அரங்கில் கடைசி முதல்தர ஆட்டம் நடந்தது. புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி பிட்ஸ்பர்க் அணியை 2-0 என்று வென்றது. ஆட்டத்தின் இடையிடையே, 1942 முதல் அங்கே ஆர்கன் வாசித்துவந்த கிளாடிஸ் குடிங் விடைபெறும் பாடல்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தார். அணி ஊரைவிட்டுப் போகப்போகிறது என்பது அறிவிக்கப்படாவிட்டாலும் அறியாதவர் எவருமில்லை. சுமார் 32,000 இருக்கைகள் கொண்ட அந்த அரங்குக்கு அன்று வந்தவர்கள் 6,702 பேர்.

அமெரிக்க விளையாட்டு வரலாற்றில் இவ்வளவு கண்ணீரோடு நினைவுகூரப்படும் கட்டடம் வேறொன்று இருப்பது அரிது. நினைவுக் குறிப்புகள், நாவல்கள், ஆவணப்படங்கள், அரங்கின் செங்கல்லையும் இருக்கையையும் ஏலத்தில் எடுக்கும் சேகரிப்பாளர்கள் என்று அந்த ஏக்கம் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்துவிட்டது. அந்த ஏக்கத்துக்கும் 6,702 என்ற எண்ணுக்கும் இடையிலுள்ள தொலைவைத்தான் வரலாற்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். கூட்டு நினைவு என்பது கடந்தகாலத்தின் பதிவன்று, நினைப்பவர்களின் நிகழ்காலத் தேவையால் வடிவம் பெறுவது என்று மாரிஸ் ஆல்ப்வாக்ஸ் கூறியதற்கு எபெட்ஸ் ஃபீல்டு நல்ல சான்று. அந்த நினைவு எதைப் பாதுகாத்தது என்பது பலரும் எழுதிய கதை. எதை விட்டுவிட்டது என்பதை அறிய, அரங்கைவிட்டு அது நின்ற நிலத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புரூக்ளின் 1898 ஜனவரி 1 வரை தனி நகரம். அன்று அது நியூயார்க் பெருநகரத்தோடு இணைக்கப்பட்டது. மேயர் பதவியும் நகராட்சியும் போயின. சொந்த நாளேடும் சொந்த அணியும் எஞ்சின. அதே 1898இல் அணியின் தலைவரானவர் சார்லஸ் எபெட்ஸ். 1883இல் அணியின் அலுவலகத்தில் நுழைவுச்சீட்டு விற்பவராகவும் கணக்கெழுதுபவராகவும் சேர்ந்து, சிறுகச் சிறுகப் பங்குகளை வாங்கி மேலே வந்தவர். தெருவெங்கும் ஓடிய மின்சார டிராம் வண்டிகளிலிருந்து தப்பி விலகி நடப்பவர்கள் என்று புரூக்ளின்வாசிகளை மற்றவர்கள் கேலி செய்த பெயரே அணிக்கு ‘டாட்ஜர்ஸ்’ என்று நிலைத்தது. நகரம் என்ற தகுதியை இழந்த ஓர் ஊர் தன்னை ஊராக உணர்வதற்கு அந்த அணியே வழியாயிற்று என்பது மிகைக் கூற்றாகாது.

புதிய அரங்குக்கு எபெட்ஸ் தேர்ந்தெடுத்த இடம் ‘பிக்டவுன்’, அதாவது பன்றியூர். ஃபிளாட்புஷ் பகுதியின் விளிம்பில், குப்பை கொட்டும் பெரும்பள்ளமும் அதைச் சுற்றி ஏழைக் குடியேறிகளின் குடிசைகளும் இருந்த இடம். குப்பையில் மேய்ந்த பன்றிகளே அதன் பெயருக்குக் காரணம். 1908 முதல் ஒரு பினாமி நிறுவனத்தின் பெயரில் அவர் அந்த நிலத்தைத் துண்டு துண்டாக வாங்கினார். செய்தி வெளியானால் விலை ஏறிவிடும் என்பதால் இந்த இரகசியம். கடைசித் துண்டின் உரிமையாளரைத் தேடி ஐரோப்பா வரை போன ஆட்கள் இறுதியில் பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் அவரைக் கண்டுபிடித்தார்கள் என்றொரு கதை உண்டு. சாமர்த்தியமான முதலாளியின் கதையாக இது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. குடிசைகளில் இருந்தவர்களோ, ‘அசுத்தமான இடம் அழகான அரங்காயிற்று’ என்ற ஒரே வாக்கியத்தில் மறைந்துவிடுகிறார்கள். அந்த வாக்கிய அமைப்பு இந்த வரலாற்றில் மீண்டும் மீண்டும் வரும்.

1912 மார்ச்சில் கட்டுமானம் தொடங்கியது. பணம் போதாமல், எபெட்ஸ் அணியின் பாதிப் பங்கை மெக்கீவர் சகோதரர்கள் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு விற்றார். கிளாரன்ஸ் வான் பஸ்கர்க் வரைந்த வடிவத்தில் முகப்பு வட்டக்கூடம்தான் பெருமைக்குரியது. 80 அடி விட்டம், இத்தாலியப் பளிங்குத் தரை, அதில் பேஸ்பால் பந்தின் தையலைப் போன்ற கோடுகள். மேலே தொங்கிய சரவிளக்கின் கைகள் 12 மட்டைகள், விளக்குகள் 12 பந்துகள். நுழைவுச்சீட்டுச் சாளரங்கள் எல்லாம் அந்த ஒரே கூடத்தில் இருந்ததால் கூட்டம் நெரிந்தது என்பது வேறு விஷயம். 1913 ஏப்ரலில் அரங்கு திறக்கப்பட்டபோது பத்திரிகையாளர்களுக்கான மாடம் கட்ட மறந்துபோனது தெரியவந்தது. முறையான மாடம் வருவதற்கு 1929 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தன்னைப் பற்றி இவ்வளவு எழுதவைத்த அரங்கு எழுதுபவர்களுக்கு இடம் விடாமல் தொடங்கியது!

நான்கு தெருக்களுக்கு நடுவே அடைபட்ட நிலம் அது. அதனால் வலப்புற எல்லை 297 அடியிலேயே முடிந்தது. அதை ஈடுகட்ட அங்கே எழுந்த சுவரும் அதன் மேலிருந்த கம்பி வலையும் சேர்ந்து 38 அடி உயரம். கிரிக்கெட் மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விளக்கம்: பேஸ்பாலில் எல்லைக்கோட்டின் தூரத்துக்கு எல்லா அரங்குகளிலும் ஒரே அளவு என்ற விதி கிடையாது. ஒவ்வொரு அரங்கின் சுவரும் அதன் தெருக்களின் போக்கில் அமைந்து, ஆட்டத்தின் தன்மையையே மாற்றும். எபெட்ஸ் ஃபீல்டின் வலப்புறச் சுவர் உட்குழிந்து வளைந்தது. அதில் பட்ட பந்து எத்திசையில் திரும்பும் என்பதை ஆண்டுக்கணக்கில் அங்கே ஆடியவர்களே அறிவார்கள். வலையைத் தாண்டிய பந்து பெட்ஃபோர்ட் அவென்யூவில் விழும். அதற்காகச் சிறுவர்கள் அங்கே காத்திருப்பார்கள்.

இடநெருக்கடியே நெருக்கமாயிற்று. முன்வரிசையில் இருந்தவருக்கு ஆட்டக்காரரின் முகமும் தெரிந்தது, அவர் திட்டுவதும் கேட்டது. ஹில்டா செஸ்டர் என்ற பெண்மணி மாட்டுமணியை ஆட்டிக்கொண்டு கூவும் குரலை ஆட்டக்காரர்கள் தனியே இனங்கண்டார்கள். ‘சிம்ஃபனி’ என்று தங்களைக் கேலியாக அழைத்துக்கொண்ட இரசிகர் வாத்தியக்குழு, எதிரணியினர் ஆட்டமிழந்து திரும்பும்போது அவர்களுடைய நடைக்கு ஏற்பத் தாளம் போட்டது. ஏப் ஸ்டார்க் என்ற ஆடை வணிகர், ஆட்ட விவரப் பலகையின் அடியில் ஒரு விளம்பரம் வைத்திருந்தார். அதன் மீது நேராகப் பந்தடிப்பவருக்கு ஒரு கோட்டு-சூட்டு இலவசம். பலகைக்கு முன்னே நிற்கும் தடுப்பாட்டக்காரர் பெரும்பாலான பந்துகளைப் பிடித்துவிடுவதால் அவர் அதிகம் இழக்கவில்லை. அந்த விளம்பரம் தந்த புகழோடு அவர் அரசியலுக்கு வந்து, பின்னாளில் புரூக்ளின் பகுதியின் தலைவர் பதவிவரை உயர்ந்தார்.

1939 ஆகஸ்ட் 26 அன்று முதல்தரப் பேஸ்பால் ஆட்டம் ஒன்று முதன்முதலாகத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது இந்த அரங்கிலிருந்துதான். ரெட் பார்பர் வர்ணனை செய்தார். அன்று நியூயார்க்கில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. பிற்காலத்தில் இருக்கைகளைக் காலியாக்கிய காரணங்களில் ஒன்று, அந்த இருக்கைகளுக்கு இடையே நின்ற ஒளிப்படக்கருவியாக வந்து சேர்ந்தது.

ஆனால் எபெட்ஸ் ஃபீல்டு உலக வரலாற்றில் இடம்பெறுவது 1947 ஏப்ரல் 15 காரணமாக. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நிலவிய நிறத்தடையை உடைத்து, ஜாக்கி ராபின்சன் அன்று டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். வந்தவர்கள் சுமார் 26,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர் என்பது மதிப்பீடு. இந்த எண்ணையும் சற்று நின்று பார்க்க வேண்டும். அரங்கு நிரம்பவில்லை. வழக்கமான வெள்ளை இரசிகர்களில் கணிசமானோர் அன்று வரவில்லை என்பதே இதன் பொருள். ஒரு வாரம் கழித்து ஃபிலடெல்ஃபியா அணி வந்தபோது, அதன் மேலாளர் பென் சாப்மன் தன் ஆட்டக்காரர்களோடு சேர்ந்து ராபின்சன்மீது இனவெறி வசைகளைப் பொழிந்தது இதே எபெட்ஸ் ஃபீல்டில்தான். ராபின்சன் பின்னாளில் தன் வாழ்க்கையின் மிகக் கசப்பான நாட்களில் ஒன்றாக அதைக் குறிப்பிட்டார்.

இதனால் புரூக்ளின் செய்தது சிறியதாகிவிடாது. அந்த ஆண்டில் மட்டும் 18 இலட்சம் பேர் அரங்குக்கு வந்தார்கள். அணியின் வரலாற்றில் அதுவரை இல்லாத எண்ணிக்கை. யூதர், இத்தாலியர், ஐரிஷ்காரர், கறுப்பினத்தவர் ஒரே மாடத்தில் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே மனிதருக்காகக் கைதட்டினார்கள். அன்றைய அமெரிக்காவில் அப்படிப்பட்ட இடங்கள் மிகக் குறைவு. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மாடத்தில் கிடைத்த அந்தச் சேர்ந்திருத்தல் மாடத்துக்கு வெளியே கிடைக்கவில்லை. போருக்குப் பின் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன் போன்ற புறநகர்களில் கறுப்பினத்தவர்க்கு வீடு விற்கப்படவில்லை. கூட்டரசின் அடமானக் காப்புறுதிக் கொள்கையே அதற்குத் துணைநின்றது. ராபின்சனை ஆரவாரித்த வெள்ளையர் குடும்பங்கள் புறநகருக்குப் பெயர்ந்தன. ராபின்சன் தன் குடும்பத்துக்குக் கனெக்டிகட்டில் வீடு தேடியபோது, விற்பனைக்கு இருந்த வீடுகள் அவரைக் கண்டதும் விற்பனைக்கு இல்லாதவையாயின.

1955இல் டாட்ஜர்ஸ் முதலும் கடைசியுமாகப் புரூக்ளினுக்கு உலகத் தொடர் வெற்றியைத் தந்தது. 1941, 1947, 1949, 1952, 1953 என ஐந்து முறை யாங்கீஸ் அணியிடம் தோற்று, ‘அடுத்த ஆண்டு பார்ப்போம்’ என்பதையே பழமொழியாக்கிக்கொண்ட ஊருக்கு அது பெருநாள். வெற்றிபெற்ற இறுதி ஆட்டம் நடந்தது எபெட்ஸ் ஃபீல்டில் அல்ல, யாங்கீ அரங்கில். அந்தப் பொன்னான ஆண்டு முழுவதும் எபெட்ஸ் ஃபீல்டுக்கு வந்தவர்கள் 10 இலட்சத்துக்குச் சற்று மேல். 1947இன் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பெரும் சரிவு. பாஸ்டனிலிருந்து மில்வாக்கிக்கு இடம்பெயர்ந்த பிரேவ்ஸ் அணியோ 1954இல் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பார்வையாளர்களைக் கண்டது. அங்கே கார் நிறுத்த இடம் ஏராளம். எபெட்ஸ் ஃபீல்டில் சுமார் 700 கார்களுக்கே இடம்.

அணியின் உரிமையாளர் வால்டர் ஓமாலி நட்டத்தில் தவிக்கவில்லை. தொலைக்காட்சி வருமானத்தின் துணையால் அணி இலாபமே ஈட்டியது. ஆனால் மில்வாக்கியின் எண்கள் அவரை உறுத்தின. அட்லாண்டிக், ஃபிளாட்புஷ் சாலைகள் சந்திக்கும் இடத்தில், லாங் ஐலண்ட் இரயில் முனையத்தின் அருகே சொந்தச் செலவில் புது அரங்கு கட்ட விரும்பினார். பக்மின்ஸ்டர் ஃபுல்லரைக் கொண்டு கவிகைக் கூரைக்கு மாதிரியும் செய்வித்தார். நிலத்தை மட்டும் 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்கீழ் நகரம் கையகப்படுத்தித் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. அந்த அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்தார். தனியார் விளையாட்டு நிறுவனம் பொதுநோக்கம் ஆகாது என்றார். மாற்றாகக் குவீன்ஸ் பகுதியின் ஃபிளஷிங் மெடோஸ் நிலத்தைக் காட்டினார். குவீன்ஸில் ஆடினால் அது புரூக்ளின் டாட்ஜர்ஸ் அல்ல என்றார் ஓமாலி. 1957 அக்டோபர் 8 அன்று அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் கொடியவர் மூவரில் ஹிட்லர், ஸ்டாலினோடு ஓமாலியையும் சேர்த்துச் சொல்வது புரூக்ளின்காரர்களின் பழைய நகைச்சுவை. நீல் சலிவன் 1987இல் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் பழியின் பெரும்பங்கு மோசஸ் பக்கம் திரும்பியது. குற்றவாளி மாறினாலும் வழக்கின் வடிவம் மாறவில்லை. இரண்டு சக்திவாய்ந்த மனிதர்களுள் யார் நம் அரங்கைக் கொன்றார் என்பதே கேள்வியாக நீடித்தது. ஓமாலி கேட்ட நிலத்திலும் பிறருடைய கடைகளும் வீடுகளும் இருந்தன. தன் திட்டங்களுக்காகப் பல்லாயிரம் குடும்பங்களை அப்புறப்படுத்திய மோசஸ் இங்கே மறுத்தது அவர்கள்மீது கொண்ட இரக்கத்தால் அன்று. அந்த நிலத்தில் இருந்தவர்கள் அன்றைய வாதத்திலும் இல்லை, பிந்தைய ஏக்கத்திலும் இல்லை.

அணி சென்று சேர்ந்த ஊரில் இதே கதை இன்னும் கடுமையாக நிகழ்ந்தது. லாஸ் ஏஞ்சலஸ் நகர மையத்தின் அருகே சாவேஸ் ரவீன் என்ற குன்றுப்பகுதியில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என மூன்று குடியிருப்புகள் இருந்தன. பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளியினர். 1950 ஜூலையில் அவர்களுக்குக் கடிதம் வந்தது. அங்கே அரசு மலிவுக் குடியிருப்பு கட்டப்போகிறது, நிலத்தைக் கொடுங்கள், புதிய வீடுகளில் உங்களுக்கே முன்னுரிமை என்றது கடிதம். பெரும்பாலோர் வெளியேறினர். பின்னர் அரசு வீட்டுவசதி என்பதே கம்யூனிசம் என்ற பிரசாரம் எழுந்தது. திட்டத்தை முன்னின்று நடத்திய ஃபிராங்க் வில்கின்சன் வேலை இழந்தார். 1953இல் மேயரான நாரிஸ் பூல்சன் திட்டத்தைக் கைவிடச் செய்தார். காலியான நிலம் டாட்ஜர்ஸுக்குப் போனது. 1958 ஜூனில் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 25,000 வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. 1959 மே 8 அன்று, வெளியேற மறுத்த அரேச்சிகா குடும்பத்தைக் காவலர்கள் வலுக்கட்டாயமாக அகற்றினார்கள். ஒரு பெண்ணைக் கைகால் பற்றித் தூக்கிச் செல்வதைத் தொலைக்காட்சி காட்டியது. பிறகு புல்டோசர் வந்தது. 1962இல் டாட்ஜர் அரங்கு திறக்கப்பட்டது.

சாவேஸ் ரவீனின் பழைய குடும்பங்கள் ‘லோஸ் டெஸ்டெர்ராடோஸ்’, அதாவது வேரோடு அகற்றப்பட்டவர்கள் என்ற பெயரில் கூடி, தங்கள் தெருக்களை நினைவுகூர்ந்தார்கள். தெருவின் பெயர், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று அவர்கள் நினைவில் வைத்திருப்பவை புரூக்ளின்காரர் நினைவில் வைத்திருப்பவற்றைப் போன்றவையே. ஒன்றுக்கு நூலகம் நிறைய நூல்கள். மற்றொன்று ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் குடும்பப் பேச்சுக்குள்ளேயே இருந்தது.

எபெட்ஸ் ஃபீல்டின் இடிப்பு 1960 பிப்ரவரி 23 அன்று தொடங்கியது. இடிக்கும் இரும்புக் குண்டுக்குப் பேஸ்பால் பந்தைப் போல வெள்ளையடித்துத் தையல் வரைந்திருந்தார்கள். சுமார் 200 பேர் வந்திருந்தனர். விபத்தில் முடமாகிச் சக்கர நாற்காலியில் வந்த முன்னாள் ஆட்டக்காரர் ராய் கம்பனெல்லாவிடம், அவர் பல்லாண்டு குத்திட்டு அமர்ந்து பந்து பிடித்த இடத்தின் மண்ணை ஒரு குடுவையில் அளித்தார்கள். அதே குண்டு நான்கு ஆண்டுகள் கழித்து மன்ஹாட்டனில் போலோ கிரவுண்ட்ஸ் அரங்கையும் இடித்தது.

ஏக்கத்தின் பொற்காலம் அதற்குப் பிறகு வந்தது. 1972இல் ராஜர் கானின் ‘தி பாய்ஸ் ஆஃப் சம்மர்’, 1997இல் வரலாற்றாசிரியர் டோரிஸ் கேர்ன்ஸ் குட்வினின் நினைவுநூல். குட்வின் வளர்ந்தது புரூக்ளினில் அன்று, லாங் ஐலண்ட் புறநகரில். அரங்கை நினைத்து எழுதியோரில் பலர் அரங்கைவிட்டு முன்பே பெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஊரைவிட்டுச் சென்றது நாங்கள் அல்ல, அணிதான் என்று சொல்லக்கூடிய ஒரு கதை அவர்களுக்குத் தேவையாக இருந்தது. அவர்கள் விட்டுச்சென்ற கிரவுன் ஹைட்ஸ் தெருக்களில், தெற்கிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பினத்தவர் குடியேறினார்கள். ‘புரூக்ளின் அன்றே செத்தது’ என்ற வழக்கமான வாக்கியம் அந்தப் புதியவர்களின் காதில் எப்படி விழுந்திருக்கும்?

2009இல் மெட்ஸ் அணியின் சிட்டி ஃபீல்டு திறக்கப்பட்டது. அதன் முகப்பு எபெட்ஸ் ஃபீல்டின் சாயலில் கட்டப்பட்டது. வட்டக்கூடத்துக்கு ஜாக்கி ராபின்சன் பெயர். அது நிற்பது, மோசஸ் கொடுக்க முன்வந்து ஓமாலி வேண்டாமென்ற அதே ஃபிளஷிங் மெடோஸில். ஓமாலி ஆசைப்பட்ட அட்லாண்டிக்–ஃபிளாட்புஷ் சந்திப்பின் எதிர்ப்புறத்திலோ 2012இல் பார்க்லேஸ் சென்டர் என்ற கூடைப்பந்து அரங்கு எழுந்தது. அதற்காக மாநிலம் வீடுகளைக் கையகப்படுத்தியது. குடியிருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2009இல் நியூயார்க் மாநில உயர்முறையீட்டு மன்றம் அது பொதுநோக்கமே என்று தீர்ப்பளித்தது. எபெட்ஸ் ஃபீல்டின் பழைய கொடிக்கம்பம் இன்று அந்த அரங்கின் முன்னே நிற்கிறது.

பிக்டவுன் நிலத்தில் 1962 முதல் எபெட்ஸ் ஃபீல்டு குடியிருப்பு இருக்கிறது. 1,300க்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட உயர்ந்த செங்கல் கட்டடங்கள். பல பத்தாண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பழைய அரங்கைத் தேடி அமெரிக்காவெங்கும் இருந்து வருகிறவர்கள் சுவரில் பதித்த கல்வெட்டைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். முன்பு அரங்கு இருந்த இடம் இது என்று அதில் செதுக்கியிருக்கிறது. அங்கே இன்னொரு அறிவிப்பும் உண்டு. அது வருகிறவர்களுக்கானது அன்று, அங்கே வளரும் பிள்ளைகளுக்கானது: இங்கே பந்து விளையாடக்கூடாது.